திருவிடைமருதூர்த் தேரோடும் வீதிகள்

திருவிடைமருதூர்த் தேரோடும் வீதிகள் என்பன தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள திருவிடைமருதூரில், மகாலிங்கசுவாமி கோயிலின் மதிலைச் சுற்றி அமைந்துள்ள நான்கு வீதிகளாகும். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி எனத் திசைப்பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. தைப்பூசத் திருவிழாவில் கோயில் தேர்கள் இவ்வீதிகளில் வலம் வருவதால் இப்பெயர் ஏற்பட்டது. கும்பகோணத்தில் இருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில், கும்பகோணத்துக்குக் கிழக்கே சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில் இவ்வூர் உள்ளது.

ஊரின் வழிபாடு, வணிகம், இசை, ஊர்க்கூட்டம், ஊர்வலம் ஆகிய அனைத்துக்கும் இவ்வீதிகளே நெடுங்காலமாகப் பொது இடமாக விளங்கி வந்துள்ளன. ஐரோப்பிய நகரங்களில் நடுச் சதுக்கம் பெறும் இடத்தைக் காவிரிப் படுகையின் கோயில் ஊர்களில் தேரோடும் வீதிகள் பெறுகின்றன. ஆயினும், இவ்வகை வீதிகள் எல்லா மக்களுக்கும் பொதுவானவையாக ஆனது 20 ஆம் நூற்றாண்டில்தான். அதற்குச் சட்டங்களும் போராட்டங்களும் தேவைப்பட்டன.

பொதுவெளி என்ற வகையில்

ஐரோப்பிய நகரச் சதுக்கம் என்பது கட்டடங்களுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடம் ஆகும். எடுத்துக்காட்டாக, ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள மரியன்பிளாட்ஸ் சதுக்கம் 1158 ஆம் ஆண்டு முதல் அந்நகரின் மையமாக உள்ளது. 1638 ஆம் ஆண்டில் அங்கு மரியாள் தூண் நிறுவப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகரின் தானியச் சந்தை அங்கேயே கூடியது. சந்தை வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பின்னர், 1854 ஆம் ஆண்டில் சதுக்கம் இன்றைய பெயரைப் பெற்றது. நகர மன்றக் கட்டடமும் அச்சதுக்கத்தின் ஓரத்திலேயே எழுப்பப்பட்டது. மக்கள் நடுவில் கூட, நகரின் முக்கியமான கட்டடங்கள் அவர்களைச் சூழ்ந்து நிற்பது இவ்வமைப்பின் இயல்பு.

தமிழகக் கோயில் ஊர்களின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. இங்கு நடுவில் கோயில் உள்ளது. பொது இடம் அதனைச் சுற்றிச் செல்லும் வளையமாக உள்ளது. மக்கள் ஓரிடத்தில் நின்று கூடுவதைவிட, வலம் வருவதே இவ்விடத்தின் முதன்மையான பயன்பாடு. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்துள்ளன. திருவரங்கத்தில் ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகள் மக்கள் வாழும் வீதிகளாகவே உள்ளன. தஞ்சாவூரில் மட்டும் நிலைமை சற்று வேறானது. அங்குள்ள நான்கு இராச வீதிகள் பெரிய கோயிலைச் சுற்றாமல், நாயக்கர் காலத்தில் தொடங்கி மராத்தியர் காலத்தில் விரிவாக்கப்பட்ட அரண்மனையைச் சுற்றிச் செல்கின்றன. ஊரின் நடுவில் இருப்பது எது என்பதை வீதிகளின் போக்கே காட்டிவிடுகிறது எனலாம்.

அமைப்பு

மகாலிங்கசுவாமி கோயில் கிழக்கு நோக்கியது. கோயிலுக்குள் மூன்று திருச்சுற்றுகள் உள்ளன. மதிலுக்கு வெளியே நான்காவது சுற்றாகத் தேரோடும் வீதிகள் அமைகின்றன. இவ்வீதிகளில் திசைக்கொன்றாக நான்கு சிவன் கோயில்கள் உள்ளன. அவை பின்வருமாறு:

கீழ வீதி - விசுவநாதர் கோயில்
தெற்கு வீதி - ஆத்மநாதர் கோயில்
மேல வீதி - ரிஷிபுரீசுவரர் கோயில்
வடக்கு வீதி - சொக்கநாதர் கோயில்

நடுவிலுள்ள மகாலிங்கசுவாமியையும் சேர்த்து ஐந்து இலிங்கங்கள் என்பதால் இத்தலம் பஞ்சலிங்கத் தலம் எனப்படுகிறது. இதனால் வீதிவலம் வருபவர், பெரிய கோயிலுக்குள் செல்லாமலேயே நான்கு கோயில்களைக் கடந்து செல்கிறார்.

கோயிலுக்குள் செல்வோரும் வெளியேறுவோரும் எந்த வீதி வழியாக நடமாடுகின்றனர் என்பதையும் ஒரு தொன்மக்கதை தீர்மானிக்கிறது. பிரமகத்தி தோஷத்தால் துன்புற்ற வரகுண பாண்டியன் கிழக்கு வாயில் வழியாக உள்ளே நுழைந்தான் என்றும், பிரமகத்தி அவ்வாயிலிலேயே காத்து நின்றதால் இறைவன் ஆணைப்படி மேற்கு வாயில் வழியாக வெளியேறினான் என்றும் தலபுராணம் கூறுகிறது. கிழக்கு வாயிலில் பிரமகத்தியின் உருவம் உள்ளது. கிழக்கு வாயில் வழியாக உள்ளே சென்றவர்கள் அதே வழியில் திரும்பாமல் வேறு வாயில் வழியாக வெளியேறும் வழக்கம் இன்றும் உள்ளது. இவ்வழக்கத்தினால் விழா நாள்களில் உள்ளே செல்லும் கூட்டமும் வெளியேறும் கூட்டமும் வெவ்வேறு வீதிகளுக்குப் பிரிந்துவிடுகின்றன.

பட்டினத்தார் கிழக்கு வாயிலிலும், அவருடைய சீடர் பத்திரகிரியார் மேற்கு வாயிலிலும் இரந்துண்டு வாழ்ந்தனர் என்பது மற்றொரு கதை. பத்திரகிரியார் கையில் ஓடும் உடன் ஒரு நாயும் வைத்திருந்ததால் அவரை இன்னும் இல்லறத்தான் என்று பட்டினத்தார் குறிப்பிட்டதாகவும், அதைக் கேட்டுப் பத்திரகிரியார் ஓட்டை எறிந்துவிட்டதாகவும் அக்கதை கூறுகிறது. இருவருக்கும் அவ்வாயில்களில் உருவங்கள் உள்ளன. அரசன், துறவி, இரவலன் ஆகிய மூவரையும் கோயில் வாயிலிலும் வீதியிலும் சந்திக்க வைப்பன இக்கதைகள்.

வரலாறு

தேவார காலம்

இவ்வூர் தேவாரத்தில் இடைமருது எனக் குறிக்கப்படுகிறது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். சம்பந்தர், அப்பர் ஆகியோரின் பதிகங்களில் இங்கு மக்கள் கூடிப் பூச நாளில் நீராடும் செய்தி வருகிறது. ஆகவே, 7 ஆம் நூற்றாண்டிலேயே வெளியூர் மக்களும் வந்து கூடும் ஆண்டுவிழா இங்கு நடைபெற்றது என்பது தெளிவு. அப்போது தேர் ஓடியதா என்பதற்கு இப்பாடல்கள் சான்றாகா. ஆனால் ஊரின் பொதுவெளி, விழா நாளில் ஆற்றுக்குச் செல்லும் வழியை ஒட்டியே உருவாகியிருக்க வேண்டும் எனக் கருதலாம். தைப்பூசத் தீர்த்தவாரி இன்றும் காவிரித் துறையிலேயே நடைபெறுகிறது.

சோழர் காலம்

சோழர் காலத்தில் திருவிடைமருதூர் திரைமூர் நாட்டில் அடங்கியிருந்தது. கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் ஏராளமாக உள்ளன. திரைமூர்ச் சபையாரும் திருவிடைமருதூர் நகரத்தாரும் கோயில் நாடகசாலையில் கூடிக் கோயில் காரியங்களை முடிவு செய்த செய்தி அவற்றில் காணப்படுகிறது. 'நகரம்' என்பது அக்காலத்தில் வணிகர்களின் அமைப்பைக் குறித்தது. எனவே இவ்வூர் வழிபாட்டு இடமாக மட்டுமன்றி, வணிகர் குடியிருந்த சந்தை ஊராகவும் இருந்தது என்பது புலனாகிறது.

10 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஆரியக்கூத்து ஆடுவதற்காகக் கூத்தர் ஒருவருக்கு நிலம் அளிக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. சபை கூடிய அதே கோயில் வளாகத்தில் கூத்தும் நிகழ்ந்துள்ளது. ஐரோப்பிய நகரங்களில் நகர மன்றம், சந்தை, நாடக அரங்கு எனத் தனித்தனியாக அமைந்தவை இங்கு ஒரே வளாகத்திலும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் அடங்கியிருந்தன. அவற்றில் கலந்துகொள்ளும் உரிமை எல்லாருக்கும் இருந்ததாகக் கொள்ளலாகாது. சபை என்பது நிலமுடைய பிராமணர்களின் அமைப்பு. நகரம் என்பது வணிகர்களின் அமைப்பு. உழுதொழில் செய்தோருக்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

மராத்தியர் காலம்

தஞ்சையை 1787 ஆம் ஆண்டு முதல் 1798 ஆம் ஆண்டு வரை ஆண்ட அமர்சிங், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியால் பதவி நீக்கப்பட்டார். இரண்டாம் சரபோசி அரியணை ஏறினார். அமர்சிங் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு, மத்தியார்ச்சுனம் என்னும் வடமொழிப் பெயராலும் வழங்கப்பட்ட திருவிடைமருதூரில் குடியேறினார். 1802 ஆம் ஆண்டில் அவர் இறந்த பின்னரும் அவருடைய குடும்பத்தினர் இங்கேயே வாழ்ந்தனர்.

நாடு இழந்த ஓர் அரசவை வந்து சேர்ந்ததனால் ஊரின் இசைவாழ்வு வளம் பெற்றது. கனம் என்னும் பாடுமுறையில் தேர்ந்த கனம் கிருஷ்ணையர் இவ்வரண்மனையின் ஆதரவில் இருந்தார். பின்னர் அவர் உடையார்பாளையம் சமீன்தாரின் ஆதரவைப் பெற்றார். கோபாலகிருஷ்ண பாரதியார் இவ்வூரில் இராமதாசர் என்பவரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். இச்செய்திகளை உ. வே. சாமிநாதையர் தம் நூல்களில் பதிவு செய்துள்ளார்.

அமர்சிங்கின் குடும்பத்தைச் சேர்ந்த அம்மணி என்னும் பெண், தன் மாமன் மகன் பிரதாபசிங்கைக் கணவனாக அடைய வேண்டி இலட்ச விளக்கு ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார். எண்ணம் நிறைவேறியதும், விளக்கேந்தி நிற்கும் பாவையாகத் தன் உருவத்தையே செய்து கோயிலுக்கு அளித்தார். 19 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்பாவை விளக்கின் பீடத்தில் இச்செய்தி பொறிக்கப்பட்டுள்ளது.

ஆதீனமும் ஆங்கிலேயர் ஆட்சியும்

மகாலிங்கசுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிருவாகத்தில் உள்ளது. 16 ஆம் நூற்றாண்டில் தோன்றிய இவ்வாதீனத்தின் தலைமையிடமான திருவாவடுதுறை இங்கிருந்து கிழக்கே அதே சாலைப் போக்கில் உள்ளது. 19 ஆம் நூற்றாண்டில் ஆதீனத் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகர் தைப்பூசத்துக்கு இவ்வூர் வந்து தங்குவது வழக்கம். அவருடன் புலவர்களும் இசைவாணர்களும் வந்தனர். ஆதீனப் புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815 - 1876) திருவிடைமருதூர் உலாவை இயற்றினார். உலா என்பது இறைவனோ அரசனோ வீதியில் வரும்போது ஏழு பருவத்துப் பெண்கள் கண்டு மயங்குவதைப் பாடும் சிற்றிலக்கியம். வீதி இல்லாமல் இவ்விலக்கிய வகையே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கோயில்களின் நிருவாகத்தைக் கம்பெனி அரசு மேற்பார்வையிட்டது. 1817 ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குவிதி இதற்கு வழி செய்தது. பெரிய தேர்களை இழுக்க ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டதால், வட்டாட்சியர்கள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் இருந்து உழவர்களை வடம் பிடிக்கக் கட்டாயமாக வரவழைக்கும் வழக்கம் இம்மாவட்டத்தில் இருந்தது. கிறித்தவ சமயப் பணியாளர்கள் இதனை எதிர்த்தனர். கம்பெனி அரசு 1840களில் கோயில் நிருவாகத்தில் இருந்து விலகத் தொடங்கியது. 1863 ஆம் ஆண்டின் சமய அறக்கொடைச் சட்டத்துடன் அவ்விலகல் முழுமையடைந்தது. தேர் இழுத்தல் என்பது எக்காலத்திலும் விருப்பத்தொண்டாக மட்டுமே இருந்தது என்ற பொதுவான எண்ணம் சரியன்று என்பதை இது காட்டுகிறது.

1870களில் இப்பகுதிக்கு இருப்புப்பாதை வந்தது. திருவிடைமருதூரில் தொடர்வண்டி நிலையம் அமைந்ததனால் வெளியூர்க் கூட்டம் பெருகியது.

தைப்பூசமும் தேரோட்டமும்

தைப்பூசம் சனவரி நடுப்பகுதிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வருகிறது. காவிரிப் படுகையில் இது சம்பா அறுவடைக் காலம் ஆகும். களத்தில் நெல்லும் கையில் சிறிது கூலியும் இருக்கும் காலத்தில் விழா நிகழ்வதால், வீதிகள் சந்தையாகவும் மாறுகின்றன. பாத்திரம், வளையல், பொம்மை, தின்பண்டம், கருவிகள் ஆகியவற்றை விற்கும் கடைகள் வீதியோரங்களில் இடம்பெறுகின்றன. மேட்டூர் அணை 1934 ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த பின்னர், வழக்கமாகச் சனவரி 28 ஆம் நாள் அணை மூடப்படுகிறது. ஆகவே தைப்பூசம் பிந்தி வரும் ஆண்டுகளில் தீர்த்தவாரியின்போது காவிரியில் நீர் குறைந்துவிடுவது உண்டு.

விநாயகர், முருகன், மகாலிங்கசுவாமி, அம்மன், சண்டிகேசுவரர் ஆகிய பஞ்சமூர்த்திகளுக்கும் தனித்தனித் தேர்கள் என்பது இத்தலத்தின் மரபு. தேர் கிழக்கில் இருந்து புறப்பட்டுத் தெற்கு, மேற்கு, வடக்கு வீதிகள் வழியாக வலம் வந்து மீண்டும் தன் நிலையை அடைகிறது. இதனை 'நிலைக்கு வருதல்' என்பர்.

தேரை இயக்கும் முறை எளியது போலத் தோன்றினாலும் தேர்ச்சி தேவைப்படுவது. தேரின் அச்சு திரும்பக்கூடியதன்று. முன்னால் வடம் பிடிப்போர் இழுவிசையைத் தருகின்றனர். பின்னால் சிலர் சன்னைக்கட்டை என்னும் நெடிய மரத்தைச் சக்கரத்தின் அடியில் நெம்புகோலாகக் கொடுத்துத் தேரை நகர்த்தத் துணை செய்கின்றனர். சக்கரத்தின் அருகில் நிற்போர் முட்டுக்கட்டை என்னும் ஆப்பு வடிவ மரக்கட்டைகளை இடுகின்றனர். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டையைச் சாய்வாக இட்டால் தேர் அப்பக்கமாகத் திரும்பும். நேராக இட்டால் நின்றுவிடும். வீதி மூலைகளில் தேர் திரும்புவது முழுவதும் இவர்களின் கணிப்பையே சார்ந்துள்ளது. கட்டையை இட்டதும் கையை விலக்கிக்கொள்ள ஒரு நொடியே கிடைப்பதால் இதுவே தேரோட்டத்தின் மிகவும் ஆபத்தான பணியாகும். அண்மைக் காலத்தில் பல தேர்களில் இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் பொருத்தப்பட்டுள்ளன. திருவாரூர் ஆழித்தேர் போன்றவற்றில் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் செய்த நீரழுத்தத் தடைகளும் உள்ளன.

தேரோட்டமும் சுவாமி புறப்பாடும் இசையோடு பிணைந்தவை. புறப்பாட்டின் தொடக்கத்தில் நாதசுவரத்தில் மல்லாரி வாசிக்கப்படும். ஊர்வலம் வீதி மூலைகளில் நிற்கும்போது இராகங்கள் விரிவாக வாசிக்கப்படும். திருவிடைமருதூர் வீருசாமி பிள்ளை, திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898 - 1956) ஆகியோரை உருவாக்கிய மரபு இதுவேயாகும். நுழைவுச்சீட்டு, இருக்கை, சுவர் எதுவும் இல்லாத இசையரங்காக இவ்வீதிகள் விளங்கின. சபாக்கள் தோன்றுவதற்கு முன்னர் பொதுமக்கள் பேரிசையைக் கேட்ட இடம் பெரும்பாலும் கோயில் வீதியே.

வீதியில் நடக்கும் உரிமை

கோயிலுக்குள் வர இயலாதோரும் காணும் பொருட்டு இறைவன் வீதிக்கு வருகிறான் என்பது புறப்பாட்டுக்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. ஆனால் தமிழகத்திலும் கேரளத்திலும் பல ஊர்களில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் அக்கிரகார வீதிகளிலும் நடப்பதற்கே தடை இருந்தது. தேரை அவர்கள் தொலைவில் நின்றே காண வேண்டியிருந்தது.

இந்நிலையைக் காட்டும் கதை காவிரிப் படுகையிலேயே தோன்றியது. 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், புலையர் குலத்தவரான திருநாளைப்போவார் என்னும் நந்தனார், திருப்புன்கூரில் கோயிலுக்கு வெளியே நின்றே வழிபட்டார். நந்தி விலகி அவருக்கு வழி விட்டது. தில்லையில் அவர் ஊருக்குள் செல்லத் துணியாமல் எல்லையைச் சுற்றி வந்தார். திருவிடைமருதூரில் இசை பயின்ற கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையை நந்தனார் சரித்திரக் கீர்த்தனை என்னும் இசை நாடகமாக 19 ஆம் நூற்றாண்டில் இயற்றினார். பெரியபுராணத்தில் இல்லாத பண்ணையாரான வேதியர் பாத்திரத்தை அவரே படைத்தார். தில்லைக்குச் செல்ல விடுப்புக் கேட்கும் பண்ணையாளும் அதை மறுக்கும் நில உடைமையாளரும் அன்றைய தஞ்சை மாவட்டத்து மக்கள் அன்றாடம் கண்டவர்களே.

வீதி உரிமை தொடர்பான முதன்மையான நிகழ்வுகள் வருமாறு:

1924 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆம் நாள் திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் தொடங்கியது. மகாதேவர் கோயிலுக்குள் நுழைவதன்று, அக்கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடப்பதே அதன் கோரிக்கை. பெரியார் ஈ. வெ. இராமசாமி அதில் பங்கேற்று இருமுறை சிறை சென்றார். 1925 நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது கிழக்கு வீதி தவிர்ந்த ஏனைய வீதிகள் திறந்துவிடப்பட்டன.

1924 ஆம் ஆண்டில், பொது வீதிகள், கிணறுகள், குளங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றை எல்லா வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். அது நிறைவேற்றப்பட்டு அரசாணையாகவும் வெளியிடப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில், தமிழ்ப் பிராமணர்கள் மிகுதியாக வாழும் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த் திருவிழாவின்போது வீதிக்கு வந்த ஈழவர்கள் தடுக்கப்பட்டதால் மோதல் ஏற்பட்டது. ஆணை பிறப்பித்தல் வேறு, வீதியில் நடத்தல் வேறு என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. கல்பாத்தித் தேர்விழா மயிலாடுதுறை மயூரநாதர் கோயில் விழாவை ஒட்டியது எனக் கூறப்படுவது இங்கு நோக்கத்தக்கது.

1938 ஆம் ஆண்டில் எம். சி. இராசாவின் முயற்சியால், பொது இடங்களில் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

1939 ஆம் ஆண்டு சூலை 8 ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் அ. வைத்தியநாதையர் தலைமையில் ஆலய நுழைவு நடைபெற்றது. அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் உட்பட அரண்மனைத் தேவத்தானக் கோயில்களும் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1947 ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் இவ்வுரிமையை உறுதி செய்தது.

1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15 ஆவது பிரிவு, கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றில் சாதி, சமய அடிப்படையில் தடை கூடாது எனக் கூறுகிறது. 17 ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

சட்டத்துக்குப் பின்னரும் தேரை ஒட்டிய சிக்கல்கள் தொடர்ந்தன. வீதியில் நடக்கும் உரிமை கிடைத்த இடங்களிலும் வடம் பிடிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் 1990களின் இறுதியில் தலித் மக்கள் வடம் பிடிப்பது குறித்து எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. பல ஆண்டுகள் ஓடாதிருந்த அத்தேர், நீதிமன்ற ஆணையை அடுத்து 2024 சூனில் மீண்டும் ஓடியது. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்னும் வழக்கில் 'ஊர்' என்பது யாரைக் குறிக்கும் என்பதே இப்பிணக்குகளின் அடிப்படை. 19 ஆம் நூற்றாண்டில் கட்டாயமாக வரவழைக்கப்பட்டவர்கள் வடம் பிடிக்க மறுக்கும் உரிமை இல்லாதவர்களாக இருந்தனர். 20 ஆம் நூற்றாண்டில் சில ஊர்களில் வடம் பிடிக்கும் உரிமையே மறுக்கப்பட்டது. இவ்விரண்டிலும் வடம் ஊரில் ஒருவருடைய இடத்தைக் காட்டும் அளவுகோலாக இருந்துள்ளது.

வீதியின் அகலமும் பாதுகாப்பும்

தேரோடும் வீதிகள் ஊரின் ஏனைய தெருக்களைவிட அகலமாக அமைவதற்குத் தேரே காரணம். தேரின் அடிப்பகுதி, பக்கங்களில் செல்லும் மக்கள், மூலையில் திரும்பத் தேவையான இடம் ஆகியவற்றுக்கு ஏற்ப அகலம் விடப்படுகிறது. திண்ணை, தாழ்வாரம், மாடி நீட்சி எதுவும் தேரின் வழியில் வரக்கூடாது. ஆண்டுதோறும் தேர் ஓடும் ஊரில், ஆக்கிரமிப்பு இருந்தால் விழா நாளில் அது தானாகவே வெளிப்பட்டுவிடும். எழுதப்படாத கட்டட விதியாகத் தேர் செயல்படுகிறது எனலாம். பிற நாள்களில் இவ்வகலமே கடை, வண்டி நிறுத்தம், நெல் உலர்த்துதல், பந்தல், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது.

தேர் நீண்டகாலம் நின்றுவிட்டால் இவ்விதியும் தளர்ந்துவிடுகிறது. திருவாரூர் ஆழித்தேர் 1920களில் தீக்கிரையாகிப் புதிதாகச் செய்யப்பட்டது. பின்னர் இடையில் நின்று, 1970 ஆம் ஆண்டில் மீண்டும் ஓடியது. தஞ்சைப் பெரிய கோயில் தேர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2015 ஏப்ரலில் புதிய தேராக இராச வீதிகளில் ஓடியது. இவ்வாறு தேரை மீட்பது என்பது மரவேலையோடு முடிவதன்று. வீதியையும் சேர்த்தே மீட்க வேண்டியுள்ளது.

20 ஆம் நூற்றாண்டில் வீதிகளின் மேற்புறத்தில் மின்கம்பிகள் வந்தன. தேரோட்டத்தன்று மின்னோட்டத்தை நிறுத்துவதும் குறுக்கே செல்லும் கம்பிகளை அகற்றுவதும் இன்றியமையாத பணிகளாயின. இவை தவறினால் ஏற்படும் விளைவை 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் நிகழ்ந்த விபத்து காட்டியது. அப்பர் சதய விழாவில் வீதி உலா வந்த சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் உரசியதால் சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தனர். தேர்கள் ஓடும் வழி, உயரம், நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெறுவதில் அதன் பின்னர் கூடுதல் கவனம் செலுத்தப்படுகிறது. புதிதாகச் சாலை போடும்போதெல்லாம் தரைமட்டம் உயர்வதால், முன்பு தேருக்கும் கம்பிக்கும் இடையே இருந்த இடைவெளி குறைகிறது என்பதும் கருத்தில் கொள்ள வேண்டியதாகும்.

இன்றைய நிலை

திருவிடைமருதூர் இன்று பேரூராட்சியாகவும் வட்டத்தின் தலைமையிடமாகவும் உள்ளது. அண்டை ஊரான திருபுவனம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. திருபுவனம் பட்டுப்புடவை 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அரசு அலுவலகங்கள், கும்பகோணம் - மயிலாடுதுறைச் சாலை, தொடர்வண்டி நிலையம் என ஊரின் இயக்கம் பல இடங்களுக்குப் பரவிவிட்டது. சந்தை, இசை, ஊர்க்கூட்டம் ஆகியவற்றுக்கு இன்று மக்கள் வேறு இடங்களையும் நாடுகின்றனர்.

எனினும், ஊர் முழுவதும் ஒரே இடத்தில் கூடும் நாள் தைப்பூசமே. அன்று இவ்வீதிகளில் வடம் பிடிப்பவர், கடை வைத்திருப்பவர், முட்டுக்கட்டை இடுபவர், நாதசுவரம் வாசிப்பவர், வெறுமனே நின்று பார்ப்பவர் ஆகிய அனைவரும் ஒரே தரையில் நிற்கின்றனர். கோயிலும் தேரும் பல நூற்றாண்டுகள் பழமையானவை. அனைவரும் சட்டப்படி சமமாக நிற்கும் வீதியோ நூறாண்டுகள்கூட நிறையாதது.

இவற்றையும் பார்க்க

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில்
திருவாரூர் ஆழித்தேர்
திருவாவடுதுறை ஆதீனம்
நந்தனார் சரித்திரக் கீர்த்தனை
வைக்கம் போராட்டம்
தைப்பூசம்